அரைமணியில் காயும் நிலம்

எங்கே அழைத்தாலும் அவர் முதலில் பின்பக்கம்தான் போவார். கல்யாண வீடு, சாவு வீடு, கோவில், ஆஸ்பத்திரி எதுவானாலும் சரி. கட்டடத்தைச் சுற்றிப் பின்னால் சென்று, சுவருக்கும் மலைக்கும் நடுவே எத்தனை அடி இருக்கிறது, மேலிருந்து இறங்கும் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிட்டே முன்வாசலுக்கு வருவார். தலவாக்கலையில் ஒரு மண்டபத்தில் நடந்த கல்யாணத்துக்குப் பட்டுச் சேலையின் கரையெல்லாம் சேறாக வந்து நின்று, மாப்பிள்ளையின் தகப்பனாரிடம், "பின் செவுரு வயிறு வச்சிருக்குங்க. பந்திய முன்பக்கமாப் போடச் சொல்லுங்க" என்றதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த மனிதர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சந்தனக் கும்பாவை நீட்டினார். அவர் சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் முன்வரிசை நாற்காலி ஒன்றில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மணமக்களை அவர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவரைச் சித்தி என்று அழைத்தேன். இரத்த உறவு கிடையாது. ஒற்றை அறை வீடுகளான எட்டுக் காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும் லயத்தில், சுவருக்கு அந்தப்பக்கம் இருமுகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஓர் உறவுமுறை ஏற்பட்டுவிடும். இப்போது அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. வட்டகொடைப் பக்கம் மகளின் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அங்கேயும் ரயில் நிலையத்தின் பின்பக்கத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள். கொழுந்து எடுப்பதில் கை வேகமானது. ஆனால் கண் தேயிலையில் நிற்காது. தமக்குக் கொடுக்கப்பட்ட நிரையில் ஏறிக்கொண்டே மேலே மலையின் தலையைப் பார்ப்பார், கீழே கானைப் பார்ப்பார். மழைநீரை வழிநடத்தத் தேயிலைக்குக் குறுக்கே வெட்டிவிடும் வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். மேற்பார்வைக்கு வரும் கண்டாக்கு ஐயா ஒருநாள் பொறுமை இழந்து, "நீ கொழுந்தப் பாரு, மலைய நான் பாத்துக்கிறேன்" என்றாராம். அதற்கு இவர், "நீங்க பாக்குறதா இருந்தா நான் ஏங்க பாக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு ஏறிவிட்டாராம். அன்று மாலை லயம் முழுவதும் அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பகடியாக அவர் அதைச் சொல்லவில்லை.

எங்கள் மாவட்டத்தைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு இங்கே தூரம் என்பது என்னவென்று விளங்காது. எதிர்மலை லயத்தில் காயப்போட்ட சேலையின் நிறம் எங்கள் வாசலிலிருந்து தெரியும். அந்தச் சேலைக்காரியின் வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு காலைப்பொழுது ஆகும். இறங்க வேண்டும், ஆற்றைக் கடக்க வேண்டும், பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், பிறகு ஏற வேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம் என்று இங்கு யாரும் வழி சொல்வதில்லை. மேலே உண்டு, பணிய, அதாவது கீழே, உண்டு. சித்திக்கு இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்று இருந்தது: தண்ணீர் போகிற பக்கம். ஹற்றன் முகட்டின் ஒருபுறம் விழும் மழை களனிக்கும் மறுபுறம் விழுவது மகாவலிக்கும் போகிறது என்று நான் பள்ளியில் படித்துவிட்டு வந்து, அந்த அரிய செய்தியை அவருக்கு வழங்கினேன். சித்தி அரிசி புடைப்பதை நிறுத்தவே இல்லை.

"அது கெடக்கட்டும். நம்ம வீட்டுக்குப் பின்னால பெய்யறது எங்க போவுது, அதச் சொல்லு" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. புவியியலில் எனக்கு அந்தத் தவணை மிக உயர்ந்த புள்ளிகள்.

ஒருமுறை கொழும்பில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த தங்கையைப் பார்க்கப் போனார். பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டவர் மறுநாள் மாலையே ரயிலில் வந்து இறங்கினார். என்னவோ ஏதோ என்று என் அம்மா பதறிக் கேட்டதற்கு, "அங்க எல்லாம் ஒரே மட்டமா இருக்கு அக்கா. தண்ணிக்கே எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நடுரோட்டுல நிக்குது. நான் எப்புடித் தூங்குறது?" என்றார். மட்டமான நிலத்தின் மீது அவருக்கு இருந்தது வெறுப்பன்று, ஐயம். மலைநாட்டில் மட்டமான இடம் எதுவும் தானாக உண்டாவதில்லை என்பார். ஒன்று வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டியிருக்க வேண்டும். வெட்டியது என்றால் மேலே பார்க்க வேண்டும். கொட்டியது என்றால் அடியில் பார்க்க வேண்டும். இதைச் சொல்லும்போதும் அவர் ஓரிடத்தில் நின்று சொன்னதில்லை. பாதிச் சொல்லுக்குள் எழுந்து வெளியே போய், வானத்தைப் பார்த்துவிட்டு வந்து மீதியைச் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்குப் பின்னால் ஒரு துயரக்கதை இருக்கும் என்று எல்லோரும் எண்ணினோம். அவர் பிறந்த தோட்டம் பொல்பிட்டியவுக்கு மேலே, மழை ஓயாத பக்கம். அங்கே மண் சரிந்து குடும்பத்தில் யாரையோ இழந்திருப்பார் என்று ஒரு பேச்சு லயத்தில் நிலவியது. பட்டிமன்ற மேடையில் பயன்படுத்தத் தக்க செய்தி என்று நினைத்து, நானே ஒருநாள் நேராகக் கேட்டுவிட்டேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்தார்.

"எங்க தோட்டத்துல எதுவுமே சரியல புள்ள. எங்கப்பாவும் இன்னும் நாலு பேரும் கான் வெட்டுற வேலை. மழை வந்தா வீட்டுல இருக்க மாட்டாங்க, பாத்துக்கிட்டே திரிவாங்க. அதனால சரியல."

கதை அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

இங்கு என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. அவரைப் பற்றிய கதையில் நான் செய்த காரியம் இருப்பதால் சொல்கிறேன். பள்ளி விவாத அணிக்கு நான் தலைமை தாங்கினேன். மாகாண மட்டம் வரை சென்றோம். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் விடுமுறையில் ஊர் திரும்பும்போதெல்லாம் கோவில் திருவிழாப் பட்டிமன்றத்தில் எனக்கு ஓர் இருக்கை இருந்தது. எதிரணியின் வலிமையான வாதத்தை முதலில் எடுத்து, அதைக் கேலிப்பொருளாக்கிவிட்டால் மற்றவை தாமாக விழும் என்பது நான் கற்ற கலை. தோற்றது அரிது. தோட்டத்தில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

சித்தியின் மதிப்போ அந்தக் காலத்தில் மிகவும் இறங்கியிருந்தது. ஒரு மழை நாளில், லயத்துக்குப் பின்னால் மலைநீர் வந்து கொட்டும் பீலியில் தண்ணீர் மண்நிறமாக வருகிறது என்று சொல்லி, எட்டுக் குடும்பங்களையும் வேலைக்குப் போகவிடாமல் மறித்து, குழந்தைகள், கோழிகள், நெல்லுப்பெட்டி எல்லாவற்றோடும் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த ஒற்றை மண்டபத்தில் நாள் முழுதும் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தோம். மாலையில் மழை விட்டது. மலை அப்படியே நின்றது. மேலே யாரோ எருமையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அது பீலி வரும் வாய்க்காலில் புரண்டிருந்தது. அன்றிலிருந்து மழை தூறினாலே எங்கள் அப்பா, "சித்திகிட்டக் கேளு, மழையா எருமையான்னு" என்பார். சித்தி காதில் விழுந்தாலும் பொருட்படுத்தமாட்டார். பின்பக்கம் போய்ப் பார்ப்பதை அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை.

அப்படியிருக்கையில் வீடுகள் வந்தன.

எங்கள் லயத்தையும் அடுத்த லயத்தையும் சேர்த்துப் பதினாறு குடும்பங்களுக்குத் தனித்தனி வீடு. ஒவ்வொன்றுக்கும் சொந்த நிலம். தலைமுறை தலைமுறையாகப் பத்தடிக் காம்பராவில் வாழ்ந்தவர்களுக்கு இது என்ன செய்தி என்பதை விளக்கப் புகுந்தால் நான் மேடையேறிவிடுவேன், விட்டுவிடுகிறேன். அதிகாரிகள் இரண்டு இடங்களைக் காட்டினார்கள். ஒன்று ஒன்பதாம் நம்பர் மலையில் ஒரு துண்டு. செங்குத்து, பாதையிலிருந்து எண்பது தொண்ணூறு படிகள் ஏற வேண்டும். மற்றது பையன்கள் கிரிக்கெட் ஆடும் கிரவுண்டு. பாதை ஓரம், பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே, உள்ளங்கை போல் மட்டமானது. இரண்டும் கட்டத் தக்கவை என்று தாளில் எழுதியிருந்தது. எது வேண்டும் என்பதை நீங்களே கூடி முடிவு செய்யுங்கள் என்றார்கள்.

கூட்டம் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. தோட்டத் தலைவர், தொழிற்சங்கத்தின் எங்கள் ஊர்ப் பொறுப்பாளர், என்னைப் பேச அழைத்தார். என் அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. தொண்ணூறு படிகளை அவர் நாளுக்கு இருமுறை ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே உண்மையாகவே பேசினேன், நன்றாகவும் பேசினேன்.

"நம்மைக் காலமெல்லாம் சரிவிலே நிறுத்தி வைத்தார்கள். கூடை சுமந்து சாய்ந்தோம், குழந்தை சுமந்து சாய்ந்தோம். இந்தக் கால்கள் ஒருநாளாவது நேராக நிற்கட்டும்!"

கைதட்டல் அடங்கக் காத்திருந்து, அந்த நிலத்தின் தகுதியைச் சொன்னேன். எத்தனை மழை பெய்தாலும் அரைமணியில் காய்ந்துவிடும் நிலம் அது. மழை விட்ட கையோடு பையன்கள் பந்து எறிய இறங்குவதை நாம் பார்க்கவில்லையா? சேறில்லாத முற்றம் இந்தத் தோட்டத்தில் வேறு எங்கே கிடைக்கும்? எல்லோரும் தலையசைத்தார்கள். அது யாரும் மறுக்க முடியாத உண்மை.

பின்வரிசையில் சுவரோரம் நின்றிருந்த சித்தி பேச வேண்டும் என்று கையைத் தூக்கினார். முன்னால் வரவில்லை. சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு, தலைவரையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல், சன்னலுக்கு வெளியே பார்த்துச் சொன்னார்.

"அது காயலங்க. குடிக்குது. அம்புட்டுத் தண்ணியும் உள்ள போவுது. போறது எங்க வெளிய வருதுன்னு நான் இத்தன வருசமாத் தேடுறேன், வரவே காணோம்."

மண்டபம் ஒரு கணம் அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது; எதிரணியின் வாதம் சபையில் இறங்குகிற தருணம் அது. இறங்கவிட்டால் போயிற்று.

"தண்ணீர் நின்றால் ஊறிச் சரியும் என்பார் சித்தி. நில்லாமல் ஓடினால் அரித்துச் சரியும் என்பார். காய்ந்துவிட்டால் குடித்துவிட்டது என்கிறார். அவைத் தலைவர் அவர்களே, சித்திக்கு மட்டும் வானத்தில் ஒரு வீடு கட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அந்த மண்டபத்தில் அப்படியொரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்தியின் கணவர், வாய் திறவாத மனிதர், அவரும் சிரித்துவிட்டுப் பிறகு தலையைக் குனிந்துகொண்டார். கிரவுண்டுக்குக் கை உயர்த்துங்கள் என்றபோது அவர் கையும் பாதி உயர்ந்தது. மனைவியைப் பார்த்ததும் அந்தக் கையாலேயே பிடரியைச் சொறிந்துகொண்டார். குடும்பத்துக்கு ஒன்றாகப் பதினைந்து கைகள். தலைவர் எண்ணி முடிப்பதற்குள் சித்தி வெளியேறிவிட்டார். பிள்ளைக்காம்பராவின் பின்பக்கம் போயிருப்பார்.

அடித்தளம் தோண்டிய வாரத்தில் நான் ஊரில் இருந்தேன். ஒரு பகல் வேளையில் அவர் எங்கள் வாசலுக்கு வந்து, மடியில் கட்டியிருந்ததை அவிழ்த்துப் படியில் கொட்டினார். கருஞ்சாம்பல். அதில் உடைந்த செங்கல் துண்டுகளும் வேரோடு மக்கிய தேயிலைக் கட்டையொன்றும் கிடந்தன. தொழிற்சாலை ஓடிய நாளில் அதன் அடுப்புச் சாம்பலையும் கழிவையும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் தள்ளித் தள்ளி நிரப்பியிருக்கிறார்கள். மேலே புல் முளைத்ததும் அது மைதானமாகிவிட்டது. சாம்பல் கொட்டியவர்கள் போய்விட்டார்கள். பந்து ஆடியவர்கள் கேட்கவில்லை. சரிவில் பிறந்து சரிவில் வளர்ந்த எங்களுக்கு மட்டமான நிலம் ஒன்றைக் கண்டதும் அது எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவேயில்லை.

"நாலடிக்கு இதான் புள்ள. அதுக்குக் கீழயும் இதான்" என்றார். "தலைவருகிட்ட நீ ஒருவாட்டி சொல்லு."

கட்டுகிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும், கூடுதலாகக் கொங்கிரீட் போடுவார்கள், இனி இடத்தை மாற்றினால் வந்த திட்டமே கைவிட்டுப் போகும் என்று நான் விடை கூறினேன். மூன்று காரணங்கள். மூன்றும் முறையாக அடுக்கப்பட்டவை. அவர் போன பிறகு, அம்மா பார்ப்பதற்கு முன் சாம்பலைத் துடைப்பத்தால் கூட்டி வெளியே தள்ளினேன். எந்தக் காரணமும் எனக்கு உள்ளூர நம்பிக்கையாக இல்லை என்பதை அந்தத் துடைப்பம் பிடித்த கை அறிந்திருந்தது. ஆனால் வென்ற அணி எழுந்து நின்று தன் வாதத்தைத் திரும்பப் பெற்றதை எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை.

எல்லோரும் குடிபோனோம். சித்தியும் வந்தார். லயத்திலேயே தங்கிவிடுவார் என்று எண்ணியிருந்த அம்மா, அவர் சட்டிபானைகளோடு வருவதைக் கண்டு காரணம் கேட்டதற்கு, "எல்லாரும் அங்க இருக்கப்ப நான் மட்டும் இங்க இருந்து யாரப் பாக்குறது" என்றாராம். எங்கள் வீடு ஐந்தாவது. அவருடையது கடைசி.

குடிவந்த மறுநாளே மண்வெட்டியை எடுத்தார். வீடுகளின் பின்னால், மலையின் அடிவாரத்தோடு, முதல் வீட்டிலிருந்து பதினாறாவது வீடுவரை ஒரு கான். கொழுந்து எடுத்துத் திரும்பிய மாலைகளில், சோறு வைப்பதற்கு முன், கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்தார். யாரையும் துணைக்கு அழைக்கவில்லை. வேலியோரம் நின்ற பையன்கள், "சித்தி, வானத்து வீடு எந்த அளவுல இருக்கு?" என்று கேட்பார்கள். "கூரை போட்டாச்சு, ஓங்கப்பன வந்து வெள்ளை அடிக்கச் சொல்லு" என்று வெட்டிக்கொண்டே பதில் சொல்வார். நான் மண்டபத்தில் சொன்ன வாசகம் அப்படி அவருக்குப் பெயராகிவிட்டிருந்தது. விடுமுறையில் வரும்போது அதைக் கேட்பேன். முதலில் பெருமையாக இருந்தது. பிறகு அந்தப் பையன்கள் எங்கள் வீட்டருகில் வந்தால் சன்னலைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினேன்.

அடுத்த ஆண்டு மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் பிற்பகல். பஸ் ஓடவில்லை, வேலை இல்லை. எல்லா வீடுகளிலும் ஆட்கள் இருந்தார்கள். நான் விடுமுறையில் வந்து அகப்பட்டுக்கொண்டிருந்தேன். சித்தி கதவைத் தட்டவில்லை. பின்பக்கச் சன்னலில் வந்து நின்றார். உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்திருந்தார்.

"வா" என்றார். "ஒன்னு பாக்கணும்."

போய்ப் பார்த்தேன். அவர் வெட்டிய கானில் தண்ணீர் செந்நிறமாக வேகத்தோடு வந்துகொண்டிருந்தது. முதல் வீடு, இரண்டாம் வீடு. மூன்றாம் வீட்டுக்குப் பின்னால் வந்ததும் ஓர் இடத்தில் மெல்லச் சுழன்று, சத்தமே இல்லாமல் மண்ணுக்குள் போயிற்று. அதற்கு அப்பால் கான் வெறுமையாகக் கிடந்தது. மழை மட்டும் அதில் விழுந்துகொண்டிருந்தது.

"காலை வரைக்கும் கடைசி வீடு மட்டும் ஓடுச்சு" என்றார். "எல்லாரையும் கெளப்பணும். நான் சொன்னா எருமைம்பாங்க. நீ சொல்லு. ஓம் பேச்சக் கேப்பாங்க."

தலைவரின் வீடு ஏழாவது. ஓடினேன். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, அவரும் மழைக்கு ஒதுங்கிய நான்கு வீட்டு ஆண்களும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே பேசினேன். நிலத்தடி நீர், நிரப்பப்பட்ட பள்ளத்தாக்கு, உடனடி வெளியேற்றம் என்று என் வாயில் மேடைத் தமிழே வந்தது. அவர்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டுத் தலைவர் என்னை அன்போடு பார்த்தார்.

"ஒக்காரு புள்ள, தேத்தண்ணி குடி. நீதானே சொன்ன, எம்புட்டுப் பேஞ்சாலும் அரைமணியில காஞ்சிரும்னு."

பக்கத்திலிருந்தவர் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். சேறில்லாத முற்றம். இன்னொருவர், கால்கள் நேராக நிற்கட்டும் என்றார். என் பேச்சு அவர்களுக்கு வரிக்கு வரி மனப்பாடமாக இருந்தது. ஒவ்வொரு வரியும் நான் இழைத்து நிறுத்தியது. எதை எங்கே தட்டினால் விழும் என்று எனக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். சித்தி வாசலுக்கு வெளியே மழையில் நின்றார். உள்ளே வரவில்லை.

"அன்னைக்கு நான் தெரியாமப் பேசினேங்க" என்றேன். "அப்புறம் தெரிஞ்சுச்சு. அடியில பூராவும் சாம்பல். சித்தி கொண்டாந்து காட்டுனாங்க. ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க. நான் பாத்துட்டு, கூட்டித் தள்ளிட்டு, சொல்லாம இருந்துட்டேன்."

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எப்ப காட்டுச்சு?"

"அஸ்திவாரம் தோண்டுறப்ப."

அவர் என்னை ஏசவில்லை. எழுந்து தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, உள்ளறையில் படுத்திருந்த தம் தாயாரை நாற்காலியோடு தூக்கச் சொன்னார். தலைவர் வீட்டு நாற்காலி வெளியே வந்ததைக் கண்டதும் மற்ற வீடுகளுக்கு யாரும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொழுது சாய்வதற்கு முன் பதினாறு குடும்பங்களும் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கில் இருந்த பாடசாலைக்கு ஏறிவிட்டோம். கடைசியாக ஏறியவர் சித்தி. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

பாடசாலை வராந்தாவிலிருந்து கிரவுண்டு நன்றாகத் தெரியும். மூன்றாவது வீடு முதலில் ஒரு பக்கமாக அமர்ந்தது. இடி போன்ற முழக்கத்தை எதிர்பார்த்திருந்தேன். அப்படி எதுவும் கேட்கவில்லை. ஒரு வயதானவர் உட்காருவது போல் அமர்ந்தது. பிறகு நான்காவது. ஐந்தாவது வீட்டின் கூரைத் தகடு வளைந்தபோது என் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒன்பதாவது வரை போயிற்று. ஓர் உயிரும் போகவில்லை.

அதிகாரிகள் மழைக்கோட்டோடு வந்து சேர்ந்தபோது, தலைவர் என்னை முன்னால் தள்ளி நிறுத்தினார். இந்தப் புள்ள பேசித்தான் நாங்க பொழச்சோம் என்றார். சுற்றி நின்ற பெண்கள் என் கன்னத்தைத் தடவினார்கள். இல்லை, கானைப் பார்த்தது சித்தி, வரச்சொன்னது சித்தி என்று நான் சொன்னேன். ஆமாம், அவங்களும்தான் என்றார்கள். சாம்பலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் சொன்னதை அந்த ஐவரும் ஒருநாளும் வெளியே சொல்லவில்லை என்று பின்னால் அறிந்தேன்.

அவரைத் தேடினேன். வகுப்பறைகளில் இல்லை, அடுப்பு மூட்டிய இடத்தில் இல்லை. பாடசாலையின் பின்பக்கம் போனேன். கட்டடத்துக்கும் மலைக்கும் நடுவே ஐந்தடிகூட இருக்காது. அங்கே கான் தூர்ந்து கிடந்தது. பாடசாலைத் தோட்டக்கார ஐயாவின் மண்வெட்டி ஒன்றை எங்கிருந்தோ எடுத்து, சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, அவர் வெட்டத் தொடங்கியிருந்தார். கூரையிலிருந்து கொட்டிய தண்ணீர் அவர் முதுகில் விழுந்தது.

நான் மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். வரும் வழியிலேயே வாக்கியத்தை ஒழுங்கு செய்திருந்தேன். அவர் என்னைத் தொடங்க விடவில்லை.

"நல்லாத்தான் பேசுன புள்ள" என்றார், நிமிராமலே. இரண்டு வெட்டு வெட்டினார். "அன்னைக்கும் நல்லாத்தான் பேசுன."

குரலில் கோபம் இருந்ததா என்று இன்றும் என்னால் சொல்ல இயலவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே குழந்தைகளுக்கு ரொட்டி பிரித்துக் கொடுக்கும் சத்தம் கேட்டது. யாரோ என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்கள், மேலிடத்து அதிகாரி ஒருவர் என்னைப் பார்க்க வேண்டுமாம். மண்வெட்டி ஒன்றுதான் இருந்தது. நான் குனிந்து, அவர் வெட்டிப் போட்ட ஈரமண்ணை இரு கைகளாலும் அள்ளி மலைப் பக்கம் எறியத் தொடங்கினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க போடாத. திரும்பக் கானுக்குள்ள வரும்" என்றார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் எறிந்தேன்.